அவளுக்காக நிரப்பிய முப்பது வட்டங்கள்

ஆப்பிஸில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைத்திருந்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று அதில் அச்சாகியிருந்தது. பிறரை அரவணைப்பவர், பொறுமையாகக் கேட்பவர், எதையும் நம்பி ஒப்படைக்கலாம், தன் நலனுக்கு முன்னால் மற்றவர் நலனை வைப்பவர். மேலே ஒரு குடைப் படம் வேறு. லீவு கேட்க வருகிறவர்களும் கிளினிக்குத் துண்டுச் சீட்டு வாங்க வருகிறவர்களும் அதைப் பார்க்கட்டும் என்றுதான் அவர்கள் நிற்கும் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். பெரும்பாலானவர்களுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது என்பதும் எனக்குத் தெரியும். குடையாவது புரியுமே.

இப்போது அந்தத் தாள் அங்கே இல்லை. ஏன் எடுத்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். எழுதி ஒப்புக்கொண்டால் கொஞ்சம் நல்லவளாகத் தெரிவோம் என்ற ஆசை இதிலும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணி, ஆப்பிஸ் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷமாக அதே ஆப்பிஸ், அதே ஜன்னல். பிறந்ததும் இதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில்தான். இப்போது லைனுக்கு மேலே, சிமெண்டுப் படி ஏறிப் போனால் வரும் ஸ்டாப் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். மொத்தம் நாற்பத்தோரு படி. ஏறியவளுக்கு ரொம்ப உயரம் வந்துவிட்டதாகத் தோன்றும், கீழே இருக்கிறவர்களுக்கு அப்படித் தோன்றாது. இந்த வித்தியாசத்தில்தான் என் கதை முழுவதும் இருக்கிறது.

வெளியாட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், எங்கள் தோட்டத்தில் ஃபாரம் என்று ஒன்று வந்தால் அதை நிரப்புவது கிராணிதான். பிள்ளை பிறந்தாலும், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும், ஆஸ்பத்திரியில் படுத்தாலும், அடையாள அட்டை தொலைந்தாலும் ஃபாரம் என் மேசைக்கு வரும். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டேன். பெயர், தகப்பன் பெயர், எத்தனை பிள்ளை, என்ன நோய் எல்லாம் எனக்கே தெரியும். நிரப்பி முடித்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். அவர்கள் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அந்தக் குறியின்மேல் கையெழுத்து வைப்பார்கள். எனக்கு முன்னால் இருந்த கிராணிகளும் இப்படித்தான் செய்தார்கள். அவர்கள் எழுதிய தப்பான பிறந்த தேதியைச் சுமந்துகொண்டு, தன் வயது தனக்கே தெரியாமல் போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் லைனில் உண்டு. அதைச் சொல்லி நாங்கள் சிரிப்போமே தவிர, ஒருநாளும் வழக்கத்தை மாற்றவில்லை.

என்னோடு ஒன்றாகத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் ஒருத்தி உண்டு. ஒரே பெஞ்சு. ஆறாம் வகுப்போடு அவள் கொழுந்து பறிக்கப் போனாள், நான் தானா ராத்தா டவுனுக்குப் படிக்கப் போனேன். படிப்பில் அவள் என்னைவிட ஒன்றும் மட்டமில்லை. அவள் வீட்டில் அடுத்தடுத்து மூன்று தம்பிகள், என் வீட்டில் நான் ஒருத்தி, அவ்வளவுதான். இப்போது அவள் எங்கள் தோட்டத்தில் கங்காணி, பெண்களில் முதல் ஆள். ஆனால் ஒரு வருஷம் தாமதமாகத்தான் அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. அந்த ஒரு வருஷத் தாமதம் என் கைங்கரியம்.

அப்போது அவள் கொழுந்து வெட்டும் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தாள். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் மெஷினைப் பிடித்து நடக்க, பின்னால் கொழுந்து விழும் பையைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு பேர் வருவார்கள். மெஷின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அவள் குரல் மட்டும் விழும். "கால் பாத்து வை லா", "பையத் தூக்கு, இழுக்காத", "அங்க குழி இருக்குடா, கண்ணு எங்க வெச்சிருக்க" என்று சரிவு முழுக்க அவள் குரல்தான். பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்களுக்கு அவள் திட்டியே தமிழ் சொல்லிக்கொடுத்தாள், அவர்கள் பாஷையில் திட்டவும் கற்றுக்கொண்டாள். ஆப்பிஸ் ஜன்னலைச் சாத்தினாலும் அந்தக் குரல் உள்ளே வரும். தோட்டத்து மேனேஜர், எங்கள் துரை, சில சமயம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தானாகச் சிரிப்பார்.

எனக்கும் அந்தக் குரல் பிடித்துத்தான் இருந்தது, கோயில் கூட்டம் நடக்கிறவரைக்கும்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு என்ன செய்வது என்று பேச எல்லோரும் கூடியிருந்தோம். அன்னதானச் சாப்பாட்டை டவுனில் சொல்லி வரவழைத்துவிடலாம், லைன் பெண்களுக்கு ஏன் கஷ்டம் என்று நான் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் பின்வரிசையிலிருந்து, "கிராணியம்மாவுக்கு லைன்ல சமைச்ச சோறு இப்பல்லாம் தொண்டையில எறங்காது லா" என்றாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும்போது நாற்பத்தோரு படியையும் எண்ணிக்கொண்டே ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கேள்வித்தாள் வந்தது. கங்காணி வேலைக்கு ஆள் எடுக்கவேண்டும், இந்த முறை தோட்டத்து ஆட்களிலிருந்தே, பெண்களும் கேட்கலாம் என்றார்கள். ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் எந்த வகையான மனிதர்கள் என்று தெரிந்துகொள்ள மேலிடத்திலிருந்து போனில் ஒரு ஃபாரம் அனுப்பியிருந்தார்கள். முப்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து வட்டம். இடது கோடி வட்டம் 'இல்லவே இல்லை', வலது கோடி வட்டம் 'முழுக்க உண்மை'. நடுவட்டம் இரண்டும் இல்லை. எல்லாம் இங்கிலீஷிலும் மலாயிலும். எங்கள் ஆட்கள் மலாய் பேசுவார்கள், ஆனால் பேசுகிற மலாய் வேறு, ஃபாரத்து மலாய் வேறு. "நீங்க கூட உட்காந்து ஒதவி பண்ணுங்க" என்று துரை என்னிடம் சொன்னார். ஆப்பிஸ் ஆட்களான நாங்கள் அதை ஏற்கனவே செய்து முடித்திருந்தோம். என் குடை வந்தது அதிலிருந்துதான்.

ஐந்து பேரோடு உட்கார்ந்தேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. "விருந்தில் முன்பின் தெரியாதவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா" என்று கேட்டால், "நம்ம விருந்துல தெரியாதவங்க யாரு வரா?" என்று திருப்பிக் கேட்டார் ஒருவர். "தனிமையில் நேரம் செலவிடப் பிடிக்குமா" என்ற கேள்விக்கு, ஏழு பேர் இருக்கிற லைன் வீட்டுக்காரர் ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "குடுத்தாப் பிடிக்கும்" என்றார். அவர்கள் சொன்னதைத்தான் போட்டேன். ஒரு வட்டத்தையும் நானாக மாற்றவில்லை.

ஆறாவது ஆள் அவள். அன்றைக்கு அவள் கூட்டம் ஆறு மைல் தள்ளி இருக்கிற பக்கத்து மலையில் வேலை செய்துகொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்குள் அனுப்பவேண்டும். லோரியில் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம், நாளைக்கு அனுப்புகிறோம் என்று துரையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. ஃபாரம் என்றால் கிராணிதானே, அவளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்தேன்.

'எனக்கு எளிதில் கோபம் வரும்.' வலது கோடி வட்டம்.

'பேசும்போது குரலை உயர்த்துவேன்.' வலது கோடி. மெஷின் பிடிக்கிறவள் குரலை உயர்த்தாமல் என்ன செய்வாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வட்டத்துக்குப் பக்கத்தில் அதை எழுத இடமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

'பிறர் மனம் புண்படுமோ என்று யோசித்துப் பேசுவேன்.' இடது கோடி. இதை அழுத்தும்போது எனக்குக் கோயில் கூட்டம் கேட்டது, சிரிப்புச் சத்தம் உட்பட.

'புதியவர்களிடம் எளிதில் பழகுவேன்.' தோட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு வெளிநாட்டுக்காரனுக்கும் முதல் வாரம் குழம்பு கொடுத்து அனுப்புகிறவள் அவள். அதற்கும் இடது பக்கம் போட்டேன். இரண்டாவது வட்டம். அந்த ஒரு வட்டத் தாராளத்தை நினைத்தால் இன்று எனக்குக் கூசுகிறது.

இப்படியே முப்பதும். நான் பொய் சொல்கிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை. உண்மையை உள்ளபடி சொல்லும் துணிச்சல் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு தெளிவோடு அழுத்திக்கொண்டு போனேன். அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. அவள் கங்காணி ஆனால் தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆப்பிஸுக்குள் வருவாள். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டு, எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவாள். இத்தனை வருஷம் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசியவள். அது எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்.

இருபத்தொன்பதாவது வாக்கியம் 'நான் பிறரை எளிதில் நம்பிவிடுவேன்.' வலது கோடி போட்டேன். முப்பதில் அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை.

அன்று சாயங்காலம் லோரியிலிருந்து இறங்கியவளிடம், "ஃபாரம் நானே போட்டு அனுப்பிட்டேன்" என்றேன். மழைக்கோட்டை உதறிக்கொண்டே, "நல்லதாப் போச்சு லா. என்னைப் பத்தி உனக்குத் தெரியாததா" என்றாள். அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறு பேரில் யாரையும் எடுக்கவில்லை, வேலை வேறு தோட்டத்திலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தாள் வந்தது. அவள் தாளை வாங்கிக்கொண்டு ஆப்பிஸ் வாசலிலேயே நின்று, "என்னா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு டி" என்றாள். அந்த நேரத்தில்கூட நான் ஏதாவது மழுப்பியிருக்கலாம். இங்கிலீஷ்தானே, அவளுக்கு என்ன தெரியப்போகிறது. ஆனால் என் மொழிபெயர்ப்பில் எனக்கு ஒரு பெருமை உண்டு, அதனால் வார்த்தை விடாமல் சொன்னேன். தனித்து இயங்கும் வகை. உணர்ச்சிவசப்படுபவர். கடுமையான பேச்சால் பிறரைக் காயப்படுத்தக்கூடும். ஆட்களை நடத்தும் பொறுப்புக்கு இப்போதைக்குப் பொருத்தமில்லை.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானா?" என்றாள்.

"கம்ப்யூட்டர் சொல்றது. நான் என்னா பண்றது" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியுமா? நீ போட்டதத்தானே அது சொல்லும்." குத்திக்காட்டுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு வயசுலேர்ந்து பாக்குற. நீ போட்டா சரியாத்தான் இருக்கும். நமக்கு நம்மளப் பத்தித் தெரியறதில்ல, இல்ல?" என்றாள். தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் நம்பினாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "என்னா, அந்தப் பொம்பள வேலைக்கு வரலயா?" என்றார். வந்திருந்தாள். நேர் எதிர்ச் சரிவில்தான் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன். அப்போதும் மெஷின் சத்தம் மட்டும்தான்.

லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்த அவள் மகள் ஏதோ ஃபாரத்துக்காக வந்தபோது சொன்னாள்: "அம்மா என்னமோ ஒரு மாதிரி இருக்காங்க ஆன்ட்டி. போன் பண்ணா, நான் உன்னைய சின்ன வயசுல ரொம்பத் திட்டினேனான்னு கேக்குறாங்க. அடிச்சிருந்தா மனசுல வெச்சுக்காதங்கிறாங்க." நான் அவள் ஃபாரத்தை வாங்கி நிரப்பி, பென்சில் குறி போட்டுக் கொடுத்தேன்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போனை எடுத்துக்கொண்டு, நான் எந்த வகை என்று கண்டுபிடிக்கும் கேள்வித்தாள்களைத் தேடித் தேடிச் செய்ய ஆரம்பித்தேன். இலவசமாக எத்தனையோ கிடைக்கின்றன. சிலதில் விடையாக நாலு இங்கிலீஷ் எழுத்து வரும், சிலதில் மிருகம் வரும், சிலதில் பூ வரும். ஏதாவது ஒன்றிலாவது அகப்பட்டுக்கொள்வேன் என்று பார்த்தேன். ஒன்றிலும் அகப்படவில்லை. எல்லாவற்றிலும் நான் நல்லவள். ஒன்றில் யானை, ஒன்றில் செவிலி, ஒன்றில் ஆலமரம். எந்த வட்டத்தில் கை வைத்தால் எந்தப் பக்கம் போகும் என்று கேள்வியைப் படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறது. 'சில சமயம் பிறர் மேல் பொறாமைப்படுவேன்' என்று வந்தால் விரல் தானாக நடுவட்டத்துக்குப் போய்விடும். ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என் கேள்வித்தாளில் எல்லாம் நடுவட்டம் நிறைய இருந்தது. அவளுக்குப் போட்ட முப்பதில் ஒரு நடுவட்டம்கூட இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வெட்கத்தில் போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு எழுந்துவிட்டேன்.

பிறகு குளவி கொட்டியது. அவளோடு மெஷினின் மறுபக்கம் பிடித்தவன் பங்களாதேஷ்காரன், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. செடிக்குள் இருந்த கூட்டுக்கு நேராக நடந்துவிட்டான். முகத்திலும் கழுத்திலுமாகக் கொட்டி, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். ஊரில் பெண்டாட்டிக்குத் தெரியவேண்டாம் என்று போனில் முகத்தைக் காட்டாமல் பேசினானாம். விபத்து ஃபாரம் நிரப்பவேண்டியிருந்தது. அதில் ஒரு கேள்வி, பக்கத்தில் இருந்தவர் எச்சரித்தாரா என்பது. அந்த ஐந்து பேரைத் தவிர அதுவரை யாரிடமும் கேட்டு எழுதாதவள், அன்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கண்ணுல பட்டுச்சு டி" என்றாள். "நாலு செடிக்கு முன்னாடியே பட்டுச்சு. கத்தணும்னு வாயத் தொறந்தேன். அந்தத் தாளு ஞாபகம் வந்துச்சு. கைய ஆட்டுனேன். அவன் கீழ பாத்துக்கிட்டு வரான்."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அதெல்லாம் சும்மா ஒரு தாளு. நீ எப்பவும் போலக் கத்து" என்றேன்.

"சும்மா தாளுன்னா எனக்கு ஏன் வேலை கெடைக்கல?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். துரை கூப்பிடுகிறார் என்று எழுந்து உள்ளே போனேன். துரை கூப்பிடவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அவள் போகிற காலடிச் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்து கண்ணாடியைத் தூக்கி, குடைப் படத்தை உருவி எடுத்துக் கிழித்துப் போட்டேன். அது சுலபமாக இருந்தது. கிழிப்பதை யாரும் பார்க்கவில்லை.

புதிதாக வந்த கங்காணி பத்து மாதத்தில் வேலையை விட்டுவிட்டுத் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டப் போய்விட்டார். மறுபடியும் ஆள் வேண்டும், மறுபடியும் அதே ஃபாரம். இந்த முறை அவள் பெயர் கொடுக்கவில்லை. துரைதான் அவள் பெயரை எழுதச் சொன்னார். போனை எடுத்துக்கொண்டு, கொழுந்து ஏற்றப் போகும் லோரியில் நானே ஏறினேன். பல வருஷம் கழித்து மலைக்குப் போகிறேன் என்பதால் ஆப்பிஸ் செருப்போடு போய்விட்டேன். சேறு. அவள் கூட்டத்தில் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

பத்து மணித் தேத்தண்ணி நேரம். மெஷினை நிறுத்தியிருந்தார்கள். காலிப் பைகளை விரித்து எனக்கு இடம் கொடுத்து, தானும் உட்கார்ந்தாள். தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு ஊற்றினாள்.

"ஒவ்வொண்ணாப் படிக்கறேன். நீ சொல்றதத்தான் போடுவேன்" என்றேன். "புதியவர்களிடம் எளிதில் பழகுவேன்."

"இல்ல. போடு."

"என்னா இல்ல? போன வாரம் வந்த நேப்பாளிக்கு யாரு கொழம்பு குடுத்தது?"

"போன தடவ இல்லன்னுதானே வந்துச்சு. தனியா இருக்கறவன்னு. அதையே போடு லா, மாத்திச் சொன்னாப் பொய் சொல்றான்னு நெனைப்பாங்க."

அடுத்ததைப் படித்தேன். 'எனக்கு எளிதில் கோபம் வரும்.' "ஆமா, வரும். கடைசி வட்டம்" என்றாள். அடுத்தது. அதற்கும் நான் போன வருஷம் போட்ட வட்டம்தான். பாடம் ஒப்பிக்கிற மாதிரி, நான் எழுதிய அவளை எனக்கே அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்விக்கு யோசித்துவிட்டு, "இதுக்கு என்னா வரும் எனக்கு?" என்று என்னையே கேட்டாள்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். "போன தடவை நான் போட்டது பொய்" என்றேன்.

"எது?"

"நெறைய."

தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"கோயில் கூட்டத்துல நீ சொன்னது. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக் கோவம்."

அவள் முகத்தைச் சுருக்கி யோசித்தாள். நான் ஒரு வருஷமாகச் சுமந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. "எந்தக் கூட்டம்? ஓ, அந்தச் சோத்து விசயமா?" என்றாள். பிறகு, "அதுக்கா?" என்றாள். இன்னொன்றும் இருந்தது. அந்த நாற்காலி. அதை அப்போதும் நான் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

"ஒரு வருசமா எம் மககிட்டகூடப் பயந்து பயந்து பேசுறேன்" என்றாள். "அந்தப் பையனுக்குக் குளவி கொட்டுச்சு."

"தெரியும். மன்னிச்சுக்க டி."

சேறு அப்பிய என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல்லேர்ந்து படி" என்றாள்.

முதலிலிருந்து படித்தேன். இந்த முறை சட்சட்டென்று சொன்னாள், எனக்காக நிறுத்தவில்லை. என்னால் வேகமாக அழுத்த முடியவில்லை. சிலதுக்கு நடுவட்டம் கேட்டாள். குரல் உயர்த்துவீர்களா என்றதற்கு, "மெசின் ஓடுனா உயர்த்துவேன், ஓடாட்டி எதுக்கு?" என்றாள். இருபத்தொன்பதாவது வந்தது. 'நான் பிறரை எளிதில் நம்பிவிடுவேன்' என்று படித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் என் விரல் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"குடு இங்க" என்று போனை வாங்கிக்கொண்டாள். ஐந்து வட்டத்தையும் பார்த்தாள். "இல்லைங்கறது எந்தப் பக்கம்?"

"இது" என்று இடது கோடியைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, மூன்று வரிசை தள்ளிப் பையை உதறிக்கொண்டிருந்த, பல வருஷமாக இங்கே இருக்கிற, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த வேறொரு நேப்பாளியைக் கத்திக் கூப்பிட்டாள். ஒரு வருஷமாக நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த குரல். கீழே லோரியில் படுத்திருந்த டிரைவர் எழுந்து உட்கார்ந்தான். நேப்பாளி ஓடி வந்தான். போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, இதுதானே இல்லை என்று மலாயில் கேட்டாள். அவன் குனிந்து படித்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினான்.

கையுறையைக் கழற்றி, விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அந்த வட்டத்தை அவளே அழுத்தினாள்.